வழக்கமாக ஏறாதவர்

இன்றைக்கு யாரை விட்டுவிட்டுப் போவது?

கண்ணைத் திறப்பதற்கு முன்பே அந்தக் கேள்வி ஃபூமியேவின் மனத்தில் எழுந்து உட்கார்ந்திருக்கும். பல் டாக்டரிடம் போகும்போது யாரை, கடைக்குப் போகும்போது யாரை, ஆற்றங்கரைக்கு என்றால் யாரை. வீட்டில் ஏழு பேர். வண்டியில் ஐந்து இடம். மீதி இரண்டு என்று எண்ணால் சொல்லிவிட்டால் சுலபமாகத்தான் இருக்கிறது. அந்த இரண்டுக்கும் முகம் இருந்தது. வாசலில் நின்று கையாட்டும்போது அந்த முகங்கள் சிரிக்கவும் சிரித்தன. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

தங்கை இறந்து பதினோரு மாதம் ஆகிறது. ஃபூமியேவும் கணவன் கெய்ஜியும் இரண்டு பையன்களும் இருந்த மூன்றறை வீட்டுக்குள் தங்கையின் மூன்று குழந்தைகளும் வந்து சேர்ந்தார்கள். தட்டுகள் போதின. போர்வைகள் எப்படியோ போதின. வண்டி மட்டும் போதவில்லை. அதை முதலில் புரிந்துகொண்டவள் தங்கையின் மூத்த மகள் சாயோ. பன்னிரண்டு வயது. யாரும் கேட்பதற்கு முன்பே, "நான் வீட்ல இருக்கேன் பெரியம்மா" என்பாள். பரீட்சை இருக்கிறது என்பாள், தலை வலிக்கிறது என்பாள். நாற்பத்தொன்பதாம் நாள் சடங்குக்குக் கோயிலுக்குக் கிளம்பியபோதும் அப்படித்தான் சொன்னாள். கெய்ஜி இரவு வேலை முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தான், மிச்சம் ஆறு பேர், ஒருவர் அதிகம். தன் அம்மாவின் நாற்பத்தொன்பதாம் நாளில் அந்தப் பெண் வீட்டில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த துணிகளை ஃபூமியே திரும்பி வந்து பார்த்தாள். ஓரங்கள் அவ்வளவு நேர்த்தியாக இருந்தன.

ஜூலை ஆறாம் தேதி ஓராண்டு நினைவு நாள். கோயில் கடலோரத்தில், மூன்று மணி நேரப் பயணம். கோயில் வரை போய்க்கொண்டிருந்த பேருந்தையும் நிறுத்திவிட்டார்கள். ஒரு நாளைக்கு வாடகை வண்டி எடுக்கலாம்தான். மறுநாள் காலையில் அதே கேள்வி மறுபடி எழுந்து உட்காருமே. ஏழு பேரும் ஏறுகிற, வழியில் நின்றுபோகாத ஒரு வண்டி வேண்டும். கையில் இருந்தது ஏழு லட்சம் யென்.

நெடுஞ்சாலையில் இருந்த பழைய வண்டிக் கடையில் கழுத்துப்பட்டை அணிந்த இளைஞன் வெள்ளிநிற வண்டி ஒன்றைக் காட்டினான். பளபளவென்று இருந்தது. ஊர்க்கோடியில் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு பழைய வண்டிகள் விற்கும் குவாபாரா என்ற அம்மாளிடம் அதைப் பற்றிச் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான்.

"சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாத்தியா?"

"இல்லீங்க."

"போய் இழுத்துப் பாரு. உள்ள சுருண்டிருக்கிற பகுதியைக் கழுவ எவனுக்கும் ஞாபகம் வராது."

இழுத்துப் பார்த்தாள். பெல்ட்டின் கடைசி முழத்தில் பழுப்பாக ஒரு கோடு. வண்டி அந்தக் கோடு வரைக்கும் வெள்ளத்தில் நின்றிருக்கிறது. இளைஞன் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு, அது டிசைன் என்றான்.

அடுத்து ஏழு பேர் வண்டி என்று ஒன்று. அதன் மூன்றாவது வரிசையில் கெய்ஜி உட்கார்ந்து பார்த்தான்; முழங்கால் காதைத் தொட்டது. "அது ஏழுன்னு விளம்பரத்துல போட வெச்ச சீட்டு. மனுஷனுக்கு இல்ல" என்றாள் குவாபாரா. பிறகு தன் கொட்டகையின் பின்பக்கம் கூட்டிப்போய் எட்டு இடங்கள் கொண்ட வெள்ளை வேன் ஒன்றைக் காட்டினாள். ஜூடோ பள்ளி ஒன்று பதினோரு வருடம் வைத்திருந்த வண்டி. கதவைத் திறந்தால் சுளுக்குத் தைல வாசனை.

"தடிப் பசங்களைச் சுமந்து சுமந்து ஸ்பிரிங்குக்கெல்லாம் பொறுமை வந்துடுச்சு. ஆனா அந்த வாத்தியார் மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை எண்ணெய் மாத்திட்டு, ரசீதை எடுத்துட்டு வந்து எங்கிட்டக் காட்டுவாரு. இஞ்சின் என்னைவிட ஜாஸ்தி நாள் இருக்கும். பாக்க அழகா இருக்காதும்மா. கிளம்புன்னா கிளம்பும்."

ஆறு லட்சத்து எண்பதாயிரம். ஃபூமியே எட்டு இருக்கைகளிலும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து எழுந்தாள். எட்டாவது இருக்கை காலியாக இருக்கும் என்ற நினைப்பே அவளுக்குச் செல்வம் வந்த மாதிரி இருந்தது.

வண்டியை நிறுத்த இடம் இருக்கிறது என்று காவல் நிலையம் சான்று தந்தால்தான் அது அவர்கள் பெயருக்கு மாறும். காவல் நிலையத்தில் எல்லாரும் கனிவாகப் பேசினார்கள். இடத்துக்குச் சொந்தக்காரர் சம்மதித்து முத்திரை குத்திய தாள் ஒன்று மட்டும் போதும் என்றார்கள். இடத்துக்குச் சொந்தக்காரர், அவர்கள் குடியிருந்த வளாகத்தை நடத்தும் ஹினாகிகு குடியிருப்புச் சங்கம். சங்கத்தில் வாகனங்களைக் கவனிக்கத் தனியாக ஒரு குழு இருந்தது. வாகன நல்லிணக்கக் குழு என்று பெயர்.

குழுவில் மூன்று பேர்; மரியாதைக்குப் பெயரோடு 'சான்' சேர்த்துத்தான் அவர்களைக் கூப்பிட வேண்டும். தலைவர் முரோகா, குடிநீர் வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒலிக் கண்காணிப்பாளர் ஹொரிகோஷி. கழுத்தில் சத்தம் அளக்கும் கருவியைத் தொங்கவிட்டிருக்கும் அம்மாள். குறிப்பெழுதுகிற மினெகிஷி, இருமலைக்கூட விடாமல் எழுதுகிறவர்.

முரோகா-சான் விண்ணப்பத்தைப் படித்தார். பற்களுக்கிடையில் காற்றை மெல்ல உள்ளே இழுத்தார்.

"ஏழு பேரா… அது கொஞ்சம்…"

அவ்வளவுதான். அந்த வாக்கியத்துக்கு அதற்கு மேல் கிடையாது. கொஞ்சம் சிரமமா, கொஞ்சம் சிக்கலா என்று யாரும் கேட்பதும் கிடையாது. கேட்டவர் தலை குனிந்து, தொந்தரவுக்கு மன்னிக்கச் சொல்லி, தாளை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். சங்கம் தொடங்கிய நாற்பத்தாறு வருடங்களாக எல்லாரும் அப்படித்தான் போயிருக்கிறார்கள். ஃபூமியேவுக்கும் போகத் தெரியும். அன்று காலைதான் நான்கு வயது கோஹாரு, சாயோவின் தங்கை, வாசலில் நின்று இரண்டு கையையும் ஆட்டி வழியனுப்பியிருந்தாள்.

"கொஞ்சம்… என்னங்க?" என்று கேட்டாள்.

மினெகிஷி பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டார். அந்தக் கேள்வியை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. முரோகா-சானின் காது சிவந்தது. மறுக்காமல் மறுக்கும் வழி அடைபட்டுப் போனதால், குழு வேறு வழியில்லாமல் விதிகளைத் தேடி எடுத்தது.

முதலில் முத்திரை. விண்ணப்பத்தின் பதினோரு தாள்களிலும் ஃபூமியே கையெழுத்துக்குப் பதிலாகத் தன் பெயர் முத்திரையைக் குத்தியிருந்தாள். ஹொரிகோஷி-சான் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தாள்.

"நேரா நிக்குதே."

"நேராத்தானே குத்தணும்?"

"உங்க முத்திரைக்குப் பக்கத்துல தலைவரோட முத்திரை வருமில்ல? அவரைப் பாத்து லேசா சாயணும், வணக்கம் சொல்ற மாதிரி. இது முறைச்சுப் பாக்குது."

பதினோரு தாளும் மறுபடி எழுதினாள். ஒன்றில் கை நழுவிவிட்டது. "இது வணக்கம் இல்ல, மயங்கி விழுந்து கிடக்கு" என்று அதைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அடுத்து அளவு. வண்டியை நேரில் பார்க்காமல் அனுமதி தர முடியாது. அனுமதி இல்லாத வண்டி வளாகத்துக்குள் வர முடியாது. இந்தச் சிக்கலை முரோகா-சான் ஒரே இரவில் தீர்த்துவிட்டார். அதில் அவருக்குப் பெருமையும் இருந்தது.

"வண்டி வேண்டாம். நீங்க வாங்க. நாற்காலியும் கொண்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை, மழைக்காலத்துத் தூறல். நிறுத்துமிடத்தில் மினெகிஷி வேனின் நீள அகலத்தைச் சாக்பீஸால் வரைந்தார். வரைந்தது கட்டத்துக்குள் அடங்கி, நான்கு பக்கமும் இடம் மிச்சம் இருந்தது. குழுவுக்கு அது சற்று ஏமாற்றம். கோட்டுக்குள் ஏழு நாற்காலிகள். முன்னால் கெய்ஜியும் ஃபூமியேவும், நடுவில் தங்கையின் மகனையும் சேர்த்து மூன்று பையன்கள், பின்னால் சாயோவும் கோஹாருவும். கெய்ஜி உறைபனி உணவுத் தொழிற்சாலையில் இரவெல்லாம் நின்றுவிட்டு நேராக வந்திருந்தான். பையன் ஒருவன் குடையை விரித்தான்.

"குடையை மடக்குங்க. வண்டிக்குக் கூரை இருக்கு. குடை வெச்சா அகலம் மாறிடும்" என்றார் முரோகா-சான், தன் குடைக்குள் நின்றுகொண்டு.

"இப்ப கதவைச் சாத்துங்க" என்றாள் ஹொரிகோஷி-சான், கருவியை நீட்டியபடி.

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோஹாருவுக்குத்தான் முதலில் புரிந்தது. "டொம்!" என்று கத்தினாள்.

"எழுபத்தொண்ணு. அதிகம். மெதுவா."

"டொம்" என்றாள் கோஹாரு, வாயைக் கையால் பாதி மூடிக்கொண்டு.

"வண்டி கிளம்பட்டும்."

பையன்கள் உதட்டை நடுக்கி இஞ்சின் சத்தம் எழுப்பினார்கள். கெய்ஜி இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தூங்கிப்போனான். மினெகிஷி எழுதினார்: ஓட்டுநர் உறங்கினார், ஒலி இல்லை, நன்று.

ஃபூமியே அப்போது திரும்பிப் பார்த்தாள். அவமானத்தால் திரும்பினாளா, யாராவது நனைகிறார்களா என்று பார்க்கத் திரும்பினாளா, அவளுக்கே தெரியாது. ஏழு பேரும் இருந்தார்கள். ஒரே திசையைப் பார்த்து, ஒரே வண்டியில். கடைசி வரிசை ஓரத்தில் சாயோ இல்லாத ஜன்னல்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, இல்லாத கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றி முடியில் தண்ணீர் சொட்டியது; அவள் துடைக்கவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தைக் காவல் இல்லாமல் ஃபூமியே பார்ப்பது பதினோரு மாதத்தில் அதுதான் முதல்முறை. இன்னும் கொஞ்ச நேரம் அளக்கட்டும் என்று நினைத்தாள். அந்தப் பைத்தியக்காரர்கள் பன்னிரண்டு நிமிடம் அளந்தார்கள். பன்னிரண்டு நிமிடமும் அந்த ஏழு பேரும் போய்க்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் குழு ஒரு விதியைக் கண்டுபிடித்தது. ஆறு பேருக்கு மேல் வழக்கமாக ஏறும் வாகனம் பேருந்தாகக் கருதப்படும்.

"பேருந்துன்னா கால அட்டவணை வேணுமே" என்றார் முரோகா-சான் வருத்தமாக. ஃபூமியே கால அட்டவணையும் எழுதிக் கொடுத்தாள். செவ்வாய் ஏழு பத்து, பள்ளிக்கூடம். வெள்ளி நாலரை, பல் டாக்டர். எழுதும்போது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த இரண்டு வாரங்களில் தனக்குள் ஏதோ ஒன்று கேட்டதையெல்லாம் கொடுத்துக்கொண்டே போவதை அவள் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். எங்கே போய் அது நிற்கும் என்று மட்டும் தெரியவில்லை. நிறுத்தத்துக்குப் பெயர் வேண்டும் என்றார்கள். 'வீடு' என்று எழுதினாள். அந்தப் பெயர் வளாகத்தில் முன்னூற்றுப் பன்னிரண்டு இடங்களுக்குப் பொருந்துகிறது என்று நிராகரித்தார்கள்.

குவாபாரா தொலைபேசியில் கூப்பிட்டாள். "ஃபூமியே-சான், ஒரு செங்கல் கம்பெனிக்காரன் வேனைப் பாத்துட்டுப் போயிருக்கான். புதன்கிழமை அஞ்சு மணி வரைக்கும் உனக்காகப் பிடிச்சு வெக்கறேன். அதுக்கு மேல என் வயித்தையும் நான் பாக்கணுமில்ல?"

புதன்கிழமை மூன்று மணிக்குக் கடைசிக் கூட்டம். ஏறுகிறவர்கள் எல்லாரும் வர வேண்டும் என்று அறிவிப்பு. ஏழு பேரும் மடக்கு நாற்காலிகளில், யாரும் சொல்லாமலே, வண்டியில் உட்கார்ந்த அதே வரிசையில் உட்கார்ந்தார்கள். முரோகா-சான் எழுந்து நின்றார். அவர் பேச ஆரம்பித்தால் பார்லித் தேநீர் ஆறிவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

"நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இந்தச் சங்கத்து மேல நாப்பத்தாறு வருஷத்துல ஒரு புகார்கூட வந்ததில்ல. புகார்ப் படிவத்தை நாங்க அச்சடிக்கவே இல்ல, அது வேற விஷயம். முன்னூத்திப் பன்னெண்டு வீடு நிறைஞ்சிருந்தப்ப இங்க எவ்வளவு சத்தம் தெரியுமா? சைக்கிள் மணி, பந்து, குழந்தைங்க. இப்ப நூத்தி நாப்பது வீட்லதான் ஆள் இருக்கு. நிறுத்துமிடத்துல பாதி காலி. எவ்வளவு அமைதி! குழந்தைகுட்டியோட இருந்த குடும்பங்க ஒவ்வொண்ணா தானாவே புரிஞ்சுக்கிட்டுப் போயிட்டாங்க. யாரையும் நாங்க போங்கன்னு சொன்னதில்ல. இப்படியே கவனமா பாத்துக்கிட்டா இன்னும் பத்து வருஷத்துல இங்க ஒரு சத்தமும் இருக்காது."

ஹொரிகோஷி-சான் கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

"அதுக்காக நாங்க கல் நெஞ்சக்காரங்க இல்ல," என்று முரோகா-சான் தொடர்ந்தார். "உங்க கஷ்டம் புரியுது. அதனால பழைய பெட்டியில தேடி, பதினாலாம் படிவத்தை எடுத்தோம். ஒரே ஒரு வரிதான். பூர்த்தி பண்ணுங்க, இப்பவே முத்திரை குத்தித் தர்றேன்."

படிவத்தை மினெகிஷி இரண்டு கைகளாலும் நீட்டினார். அதில் இருந்தது ஒரே வரி: வழக்கமாக வண்டியில் ஏறாத குடும்ப உறுப்பினரின் பெயர்.

"ஒருத்தர் பேரை எழுதிட்டா வழக்கமா ஏறுறவங்க ஆறு பேர்தான். பேருந்து ஆகாது" என்று மினெகிஷி விளக்கினார். "அந்தப் பேரை ஒரு வருஷம் கீழே அறிவிப்புப் பலகையில ஒட்டுவோம். தெரியாம வண்டியில பாத்துட்டு யாரும் குழம்பிடக் கூடாதில்ல? மூணு தடவை பாத்தா மட்டும் அனுமதியைத் திரும்ப எடுத்துக்குவோம்."

சுவர்க் கடிகாரத்தில் நான்கு இருபது. கெய்ஜி அவள் காதருகே குனிந்தான்.

"எழுதிடு ஃபூமி. என் பேரைப் போடு. காகிதம்தானே?"

"நீங்க ஓட்டுனர்" என்றார் மினெகிஷி. "ஓட்டுனர் ஏறாம வண்டி போகாது. அம்மாவும் கூடாது, சின்னப் பிள்ளைங்க இருக்காங்க. ஆறு வயசுக்குக் கீழேயும் போடக் கூடாது."

யார் மிச்சம் என்று நினைக்கக்கூட ஃபூமியேவுக்கு நேரம் கிடைக்கவில்லை. பின்வரிசையிலிருந்து சாயோ எழுந்துவிட்டாள்.

"என் பேரையே போட்டுக்கோங்க பெரியம்மா. நான் எப்பவும் வீட்லதானே இருக்கேன். எனக்கு வண்டியில தலைசுத்தும்."

அவளுக்கு வண்டியில் தலை சுற்றியதே இல்லை. நாற்காலியில் மழையில் போனபோதும் சுற்றவில்லை.

"நல்ல பொண்ணு!" என்றார் முரோகா-சான், உண்மையாகவே நெகிழ்ந்து. "பாத்தீங்களா, குழந்தைங்கதான் சீக்கிரம் புரிஞ்சுக்கறாங்க."

"சாயோ… எந்த எழுத்தும்மா?" என்று மினெகிஷி பேனாவை எடுத்தார். அந்தப் பெயரை வெவ்வேறு பொருள் தரும் எழுத்துகளால் எழுதலாம்.

"'சின்ன'ங்கற எழுத்து. அப்புறம் 'ராத்திரி'" என்றாள் சாயோ, உதவியாக. துணி மடிக்கிற அதே கவனத்தோடு சொன்னாள்.

ஃபூமியே கைப்பையிலிருந்து முத்திரையை எடுத்தாள். மை ஒட்டுவதற்காக அதன் முனையில் வாயால் ஆவி ஊதினாள். இரண்டு வாரத்தில் அவள் கைக்கு அது தானாகவே பழகியிருந்தது. எவ்வளவு சாய வேண்டும் என்பதும் பழகியிருந்தது. ஐந்து மணிக்குள் காகிதம் கைக்கு வந்தால் குவாபாராவிடம் சொல்லிவிடலாம். வண்டி வரும். எட்டு இடம். தைல வாசனை. ஜூலை ஆறாம் தேதி சாயோவைப் பின்வரிசையில் குனிந்திருக்கச் சொல்லி, வாசல் தாண்டும் வரைக்கும் மேலே ஒரு போர்வையைப் போட்டுக் கூட்டிப்போகலாம். சாயோ குனிந்திருப்பாள். கேட்டால் சந்தோஷமாகவே குனிந்திருப்பாள். போர்வையின் ஓரத்தைத் தானே மடித்துவிட்டுக்கொள்வாள்.

கொடுத்துக்கொண்டே போன அந்த ஏதோ ஒன்று அங்கே வந்து நின்றது.

அவள் முத்திரையைத் துடைத்தாள். பெட்டியில் வைத்து மூடினாள். அந்தச் சின்னச் சத்தத்தை ஹொரிகோஷி-சானின் கருவி காட்டக்கூட இல்லை. படிவத்தை இரண்டு கைகளாலும் எடுத்து, எழுத்துகள் முரோகா-சானுக்கு நேராக இருக்கும்படி மேசையில் திருப்பி வைத்தாள். எவ்வளவு குனிய வேண்டுமோ அவ்வளவு தலை குனிந்தாள். பற்களுக்கிடையில் காற்றை மெல்ல உள்ளே இழுத்தாள்.

"அது கொஞ்சம்…" என்றாள்.

மினெகிஷியின் பேனா காத்திருந்தது. முரோகா-சான் வாயைத் திறந்தார். கொஞ்சம் என்ன என்று கேட்க வேண்டும் போல அவருக்கு இருந்தது, ஆனால் அந்த அறையில் அது வழக்கமில்லை.